மெதுவாக இளைக்கும் உரிமை

பிரசவமான முதல் மாதம் முழுக்க "நல்லா சாப்பிடும்மா, பால் ஊறணும்ல" என்று தட்டில் அள்ளி அள்ளி வைப்பார்கள். மூன்று மாதம் கழித்துக் குழந்தையைப் பார்க்க வரும் அதே சொந்தங்கள், "என்னடி, இப்படி உடம்பு போட்டுட்ட" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அன்று இரவு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கைபேசியைத் திறந்தால், முப்பது நாளில் பத்துக் கிலோ குறையும் என்று ஒரு பவுடர் டப்பா கண்முன் வந்து நிற்கும். தூக்கம் கெட்டு, இடுப்பு வலித்து, பழைய சுடிதார் எதுவும் சேராமல் இருக்கும் பெண்ணுக்கு அந்த விளம்பரம் எவ்வளவு ஆறுதலாகத் தெரியும் என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் அதை விற்பவர்கள் மீது இவ்வளவு கோபம் வருகிறது.

பால் கொடுக்கும் தாய் எடையைக் குறைக்கலாம். பால் நிறுத்தும்வரை அந்தப் பேச்சே கூடாது என்று தடுக்கத் தேவையில்லை. ஆபத்து வேகத்தில்தான் இருக்கிறது.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து பிரசவத்தன்றே ஐந்தாறு கிலோ இறங்கிவிடும். கர்ப்ப காலத்தில் உடம்பில் தேங்கிய நீர் அடுத்த சில வாரங்களில் வடியும். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய 6 வாரம் பிடிக்கும். ஆகவே முதல் மாதத்தில் முன்தள்ளி நிற்கும் வயிறு முழுவதையும் கொழுப்பு என்று நினைத்து வருந்த வேண்டாம். வயிற்றை இறுக்கித் துணி கட்டினால் இடுப்புக்குத் தாங்கலாக இருக்கலாம், கொழுப்பு கரையாது. மிச்சமிருக்கும் எடையில் பெரும்பகுதி, பால் சுரப்பதற்காகவே உடம்பு சேர்த்து வைத்த கையிருப்பு.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் முக்கால் லிட்டர் பால் சுரக்கிறது. இதற்காக முதல் 6 மாதம் தினமும் 600 கலோரியும், அடுத்த 6 மாதம் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டிருக்கிறது. உட்கார்ந்த வேலை செய்யும் பெண்ணுக்கு வழக்கமான தேவை 1,660 கலோரி. ஆக, பால் கொடுக்கும்போது 2,260. இதில் ஒரு பகுதியைக் கையிருப்புக் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ள விட்டால் எடை தானாக இறங்கும். 1,000 கலோரி உணவுத் திட்டம் ஒன்றை யாராவது எழுதிக் கொடுத்தால், தேவையில் பாதியைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை என்பதை இந்தக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். பாலூட்டும் வரை 1,800க்குக் கீழே போக வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை.

எவ்வளவு வேகம் பாதுகாப்பானது? 2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்துவந்த, எடை கூடிய 40 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். குழந்தைக்கு 4 வாரம் ஆன பிறகு ஒரு பிரிவினர் தினமும் 500 கலோரி குறைத்து, வாரம் 4 நாள் முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி செய்தார்கள். 10 வாரத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் எடை குறைந்தது; குழந்தைகளின் வளர்ச்சியில் எந்தக் குறையும் இல்லை. மாதம் இரண்டு கிலோ. விளம்பரம் சொல்லும் பத்துக் கிலோவுக்கு இந்த வேகத்தில் ஐந்து மாதம் ஆகும். அந்த ஐந்து மாதம் சோம்பேறித்தனமல்ல, உடம்புக்குத் தேவையான அவகாசம். நம் ஊரில் பால் நன்றாக நிலைப்படவும் தையல் ஆறவும் முதல் 6 முதல் 8 வாரம் எந்த உணவுக் கட்டுப்பாடும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

அந்த ஆய்வை நம் நிலைமைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை. இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கலாம். எடை மிகுந்திருப்பதால் சத்தும் மிகுந்திருக்கிறது என்று நினைத்துச் சாப்பாட்டைப் பாதியாக வெட்டினால், ஏற்கெனவே இல்லாத இரும்புச்சத்து இன்னும் போகும். சாப்பாடு குறைந்ததும் பால் உடனே வற்றிவிடாது. உடம்பு தாயின் இருப்பிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடும். முதல் பற்றாக்குறை தாய்க்குத்தான். மயக்கமும் அசதியும் அதனால்தான் வருகின்றன. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரையும், 6 மாதம் கால்சியம் மாத்திரையும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். "பிரசவம்தான் முடிஞ்சிடுச்சே" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. நிறுத்தாதீர்கள்.

சரி, எதைக் குறைப்பது? பத்தியச் சாப்பாட்டில் இருந்தே தொடங்கலாம். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு, பிரசவ லேகியம் எல்லாம் அன்போடு வருபவை. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் லேகியத்தில் கருப்பட்டியும் நெய்யும் நல்லெண்ணெயும் உண்டு. நாற்பது நாளுக்குச் செய்தது ஆறு மாதம் வரை நீள்வதும், சோற்றில் ஊற்றும் நெய் குழிக்கரண்டிக் கணக்கில் போவதும், பால் ஊறும் என்று நாலு வேளை சர்க்கரை போட்ட பாலும் சத்துபானமும் குடிப்பதும்தான் எடையை ஏற்றுகின்றன. ஒரு மேசைக்கரண்டி நெய் 120 கலோரிக்கு மேல். ஒரு டம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் நாலு டம்ளரில் 160 கலோரி. இந்த இரண்டையும் அளவோடு வைத்தாலே பட்டினி கிடக்காமல் 300 கலோரி குறைந்துவிடும். இரண்டாம் முறை போடும் சோற்றுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கீரை, ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது பருப்பு, ஒரு முட்டை என்று மாற்றினால் வயிறும் நிறையும், கூடுதலாகத் தேவைப்படும் புரதமும் கிடைக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். சுறாப் புட்டுதான் வேண்டும் என்பதில்லை; சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

இன்னொரு பழக்கம்: "தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்" என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது. இதை உடனே கைவிட வேண்டும். பால் கொடுக்க உட்கார்ந்தாலே தாகம் எடுக்கும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும். வயிறு ஒருநாளும் குறையாது.

நடைப்பயிற்சி நல்லது. சுகப்பிரசவமானவர்கள் முடிந்த அளவு சீக்கிரமே மெல்ல நடக்கத் தொடங்கலாம். சிசேரியன் ஆனவர்கள் 6 வாரப் பரிசோதனையில் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நடையைக் கூட்டலாம். வயிற்றின் நடுத்தசைகள் விலகியிருந்தால் எழுந்து படுக்கும் வயிற்றுப் பயிற்சிகள் அதை மோசமாக்கும். முதலில் மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பால் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனால் மார்பு கனமில்லாமல் இருக்கும். உடற்பயிற்சியால் பால் புளித்துப்போகும் என்பது பொய்.

இனி, வேகத்தை விற்பவர்களிடம் வருவோம். "மூலிகை" என்று எழுதிவிட்டால் பாதுகாப்பு என்று நம் மக்கள் நம்புகிறார்கள். எடை குறைக்கும் மூலிகைத் தேநீர் பலவற்றில் இருப்பது நிலவாகை. அது பேதி மருந்து. வயிற்றோட்டத்தில் போவது தண்ணீர். கொழுப்பு அப்படியே இருக்கும். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்தை, இதயத்துக்கு ஆபத்து என்று 2011இல் இந்தியா தடை செய்தது. அதற்குப் பிறகும் உலகின் பல நாடுகளில் மூலிகை என்று விற்ற எடைக்குறைப்பு மாத்திரைகளில் அதைக் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். குடம்புளிச் சாறு மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. லேபிளில் இல்லாத ஒன்று உள்ளே இருந்தால், அது பாலில் எவ்வளவு இறங்கும் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

சோற்றையும் பழத்தையும் அடியோடு நிறுத்தும் கீட்டோ முறை, பால் கொடுப்பவர்களுக்குத் தனி ஆபத்து. ஸ்வீடனில் 32 வயதுத் தாய் ஒருவர், சர்க்கரை நோய் இல்லாதவர், மாவுச்சத்தை மிகக் குறைத்த உணவோடு பால் கொடுத்துவந்தபோது இரத்தம் அமிலமாகி மருத்துவமனைக்கு வந்தார். 2015இல் மருத்துவ இதழில் அது பதிவானது. அபூர்வமானதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்தானது. பால் சுரக்கத் தினமும் சர்க்கரைச்சத்து செலவாகிக்கொண்டே இருக்கும்போது உள்ளே வருவதையும் நிறுத்தினால் உடம்பு தாங்காது. விடாத வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பால் கொடுப்பதையும் உணவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மவுஞ்சாரோ, வெகோவி போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. பாலூட்டும் காலத்தில் அவை பாதுகாப்பானவை என்று நிரூபிக்கப்படவில்லை. பால் நிறுத்திய பிறகு வேண்டுமானால் மருத்துவரோடு பேசலாம். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. கர்ப்பமே அந்த வாய்ப்பை ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கும்.

குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை மார்பின் கனத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, முதல் மாதங்களில் மாதம் அரைக் கிலோவாவது ஏறுகிறதா என்று பாருங்கள். இது குறைந்தால் எடைக்குறைப்பை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

எடையைக் கட்டாயம் கவனிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம். சென்னையின் மூத்த மருத்துவர் வி. சேஷய்யா ஆயுள் முழுக்க இதைத்தான் சொல்லிவந்தார். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 தேசியக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இவர்கள் பிரசவமாகி 6 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாய்ப்பால் கொடுப்பதே இவர்களுக்கு ஒரு பாதுகாப்பு. அளவாகச் சாப்பிட்டும் எடை ஏறிக்கொண்டே போனால் தைராய்டைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் அது குழம்புவது உண்டு. சாப்பிடவே பிடிக்காமல், குழந்தையைப் பார்த்தாலும் அழுகையாக வந்தால், அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ சொல்லும் வீட்டாரை நம்ப வேண்டாம். அது சிகிச்சை உள்ள மனச்சோர்வு. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

தாய் சாப்பிடுவது வீட்டார் இரக்கப்பட்டுத் தரும் சலுகையல்ல. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவமாகி 6 மாதம் வரையும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு பெறும் உரிமையைத் தாய்க்குத் தந்திருக்கிறது. அங்கே தரும் சத்துமாவை வீட்டில் எல்லோரும் பங்குபோடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். வேலைக்குத் திரும்பியவர்களுக்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த இந்த உரிமைகள், அதை உள்வாங்கிக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி குற்றம். "மருந்தில்லை, உணவு" என்று நழுவினாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடாது. பொய் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம். பணம் வாங்கிக்கொண்டு முகம் காட்டுகிறவருக்கும் இது பொருந்தும். டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கி உடம்பு கெட்டிருந்தால் டப்பாவையும் மிச்சப் பவுடரையும் தூக்கி எறிய வேண்டாம். விளம்பரத்தைப் படம்பிடித்து, ரசீதையும் மருத்துவச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் செய்யுங்கள். இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இதற்கெல்லாம் முன்னால், செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம், பிறகு ஒன்பதாம் மாதம் என்று தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே எடை பார்ப்பது குழந்தைக்கு மட்டும்தான். அடுத்த புதன்கிழமை போகும்போது, "சிஸ்டர், எனக்கும் எடை, பிரஷர், இரத்தம் பாருங்க" என்று கேளுங்கள். அதைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.