பழைய ஜீப்புக்கு ஒரு பாதுகாப்புக் கூண்டு

குடகிலும் சிக்மகளூரிலும் உள்ள காபித் தோட்டங்களில் கொட்டகைக்குள் ஒரு பழைய ஜீப் நிற்பது வழக்கமான காட்சி. பாட்டனார் வாங்கியது, தந்தையார் ஓட்டியது, இப்போது பேரனின் கைக்கு வந்திருப்பது. பேரனுக்கோ அதனைச் சேற்றிலும் பாறையிலும் ஏற்றி இறக்கும் கரடுமுரடுப் பாதைப் போட்டிகளில் ஆசை. அப்போது வீட்டில் எழும் முதற் கேள்வி, "வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்?" என்பதே. அந்தக் கேள்விக்கு இளைஞர் தரும் விடை ரோல் கேஜ் எனப்படும் பாதுகாப்புக் கூண்டு. அந்த விடை சரிதானா என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கித்தான் கூரையின் கீழ்

1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. 1953இல் வில்லிஸ் அறிமுகப்படுத்திய சிஜே-3பி வடிவம் பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளில் ஓடியது. அதன் இடவல சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 48 அங்குலம், அதாவது ஏறத்தாழ 122 செ.மீ. மட்டுமே. கூரை கித்தான். முன்கண்ணாடியின் சட்டம் மடித்துச் சாய்க்கக்கூடியது. வண்டி தலைகீழானால் அமர்ந்திருப்போரின் தலைக்கும் தரைக்கும் இடையே உறுதியான பொருள் எதுவும் இல்லை. கூண்டின் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

கூண்டின் இலக்கணம்

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழும் முதன்மை வளைவே கூண்டின் முதுகெலும்பு. அதிலிருந்து பின்னோக்கிச் சரியும் இரு தாங்கிகள், முன்கண்ணாடியை ஒட்டிய முன் வளைவு, இரண்டையும் இணைக்கும் மேற்குழாய்கள், வளைவு பக்கவாட்டில் நசுங்காமல் தடுக்கும் மூலைவிட்டக் குழாய் ஆகியவை சேர்ந்ததே முழுக்கூண்டு. மூலைவிட்டம் இல்லாத கூண்டு பக்கவாட்டு விசையில் எளிதாகச் சாய்ந்துவிடும்.

பன்னாட்டு மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் விதிகள் இதற்குத் தெளிவான அளவுகோல்களைத் தருகின்றன. குழாய் குளிர்நிலையில் இழுக்கப்பட்ட, தையலற்ற கார்பன் எஃகால் ஆனதாக இருக்கவேண்டும். அதன் இழுவலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 350 நியூட்டன். முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் தேவை. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மும்மடங்குக்குக் குறையக்கூடாது. குறைந்தால் குழாயின் உட்புறம் சுருங்கி, அதே இடத்தில் மடிந்துவிடும்.

தண்ணீர்க் குழாயையோ கேட் செய்யும் குழாயையோ வளைத்துச் செய்யப்படும் 'கூண்டு' பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். விபத்தில் ஒன்றுபோல் இராது. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைக்கும்போது எழும் புகை தொழிலாளியின் உடல்நலத்துக்கும் கேடு.

கூண்டின் காலடி அடுத்த முக்கியமான இடம். ஒவ்வொரு கால் படியும் இடத்திலும் குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட எஃகுத் தகடு வேண்டும் என்பது விதி. பழைய ஜீப்பின் தரைத்தகடு துருவேறியிருந்தால் முதலில் அதனை மாற்றவேண்டும். இல்லையேல் கூண்டு நொறுங்குவதற்கு முன்பே அதன் கால் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். மேலும், ஜீப்பின் உடற்பகுதி ரப்பர் தாங்கிகளின் மேல் சேஸியில் அமர்ந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு விதமாக அசையும். கூண்டை இரண்டிலும் இறுகப் பற்றவைத்தால் நாளடைவில் வெடிப்புகள் தோன்றும். அனுபவமுள்ளோர் சேஸிக்குச் செல்லும் இணைப்புகளில் ரப்பர் புஷ்களை வைப்பது இதனால்தான்.

கூடும் எடை, கூடும் கடமை

மேற்சொன்ன 45 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 2.6 கிலோ எடை கொண்டது. முழுக்கூண்டும் 45 கிலோ எனக் கொள்வோம். 1,100 கிலோ எடையும், தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள வண்டியில், 140 செ.மீ. உயரத்தில் இந்த எடை சேர்ந்தால் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 3 செ.மீ. உயரும். வண்டி கவிழும் சாய்வுக் கோணம் ஒரு பாகைக்கும் மேல் குறையும். கூண்டு கவிழ்வதைத் தடுப்பதில்லை. கவிழ்ந்தபின் உயிரைக் காக்கவே முயல்கிறது.

அதுவும் இருக்கைவார் இருந்தால் மட்டுமே. வார் அணியாதவரின் தலை எஃகுக் குழாயில் மோதும்போது காக்க வந்த கூண்டே காயப்படுத்தும் கருவியாகிறது. பலமுனை வார், தலைக்கவசம், குழாய்மேல் உரிய மெத்தை உறை ஆகிய மூன்றும் இல்லாத கூண்டு முழுமையற்றது. தலைக்கவசம் அணியாது அன்றாடம் சாலையில் ஓட்டும் வண்டிக்குள் முழுக்கூண்டு பொருத்துவது பொருத்தமன்று.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தப்படி, விதிக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே முதற்படி பட்டறை அன்று. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். போட்டிக்கு மட்டுமே எனில், வண்டியை வேறு வாகனத்தில் ஏற்றிச் செல்வதும், எஃப்எம்எஸ்சிஐ கூட்டமைப்பின் ஒப்புதல் பெற்ற நிகழ்வின் விதிகளைப் பின்பற்றுவதும் நேரிய வழி.

ஐம்பது ஆண்டு கடந்த ஜீப்பாயின் இன்னொன்றும் உண்டு. 2021இல் வெளியான விதிகள், மூல வடிவம் குலையாத வாகனங்களையே 'விண்டேஜ்' என ஏற்கின்றன. இன்று வெட்டிப் பற்றவைக்கும் கூண்டு நாளை அந்தத் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கலாம். துளையிட்டுத் திருகாணியால் பொருத்தி, வேண்டும்போது கழற்றக்கூடிய கூண்டு ஓரளவு இந்த இழப்பைக் குறைக்கும்.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

வண்டியின் மீது கடன் நிலுவையில் இருப்பின், மாற்றம் செய்யுமுன் வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து மறுமொழி பெறுங்கள். தெரிவிக்காத மாற்றம் இழப்பீடு கோரும் நாளில் தகராறாக எழக்கூடும். போட்டியில் நேரும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் மறவாதீர்கள். செலவைக் கணக்கிடும்போது குழாயும் கூலியும் மட்டுமன்றி, வார், இருக்கை, தலைக்கவசம், துருநீக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பணம் போதாதெனில் ஓராண்டு பொறுத்துச் சேமித்துச் செய்வது, அரைகுறையாக இன்றே செய்வதினும் மேல்.

பாட்டனாரின் ஜீப் இன்னொரு தலைமுறைக்கும் செல்லவேண்டும். அதனினும் முதன்மையாக, அதனை ஓட்டிச் சென்ற பேரன் மாலையில் வீடு திரும்பவேண்டும். கூண்டைப் பற்றிய ஒவ்வொரு முடிவையும் அந்த வரிசையில் வைத்து எடுப்பதே அறிவுடைமை.