தக்காளிக்கு ஒரு சட்டை

நான் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் கோந்து கடையில் வாங்குவதில்லை. கருவேல மரத்தில் காய்ந்து தொங்கும் பிசினைப் பெயர்த்து, காலி மைப்புட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுவோம். புத்தகத்துக்கு அட்டை போட்டு முடிக்கும்போது விரல் நுனியில் காய்ந்த கோந்து மெல்லிய தோலாக உரிந்து வரும். அதை வாயில் போட்டு மென்றவர்களில் நானும் ஒருத்தி.

திருவொற்றியூரில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்: அந்தத் தோலுக்கு ஆய்வுக்கூடத்தில் 'உண்ணத்தக்க படலம்' என்று பெயராம். பிளாஸ்டிக்குக்கு மாற்றாக அதை ஆராய்கிறார்களாம்.

பிசின், மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக்கொள்ளும் கட்டு. உள்ளே இருப்பது நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகள். கொத்தவரை விதையிலும் புளியங்கொட்டையிலும் இருப்பது அதே இனம்தான். தண்ணீரில் ஊறினால் சங்கிலிகள் பிரிந்து மிதக்கும். தண்ணீர் வற்றினால் ஒன்றன்மேல் ஒன்று படுத்துப் பின்னிக்கொள்ளும். அப்படியே விட்டால் அப்பளம்போல் நொறுங்கும். கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் அது சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து வழுக்கிக்கொடுக்கும், படலம் வளையும்.

சும்மா இருக்க முடியவில்லை. 200 மில்லி வெந்நீரில் 2 கிராம் கொத்தவரைப் பிசின் தூளைத் தூவித் தூவிக் கலக்கினேன். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பத்துப் பன்னிரண்டு சொட்டு கிளிசரின் விட்டேன். எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் காயவைத்தது ஒட்டிக்கொண்டு வரவேயில்லை. பிளாஸ்டிக் தட்டில் ஊற்றியதுதான் அழகாக உரிந்தது. என்னத்தைச் சொல்ல!

கண்ணாடிபோல் இருந்த அந்தத் தாளை அலமாரியில் வைத்தேன். மறுநாள் மாலை கடல்காற்று வீசியதும் பிசுபிசுவென்று தொய்ந்துவிட்டது. அங்கேதான் விஷயமே இருக்கிறது. ரப்பரோடு ஒப்பிட்டால் புரியும். இதே திருவொற்றியூரில் 1946-ல் கே.எம்.மாம்மென் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். பின்னாளில் அதுதான் எம்.ஆர்.எஃப். ரப்பரும் மரம் வடிப்பதுதான். ஆனால் ரப்பர் தண்ணீரைச் சேர்க்காது. பிசினோ தண்ணீரைக் கண்டால் விடாது. மண்ணில் போட்டால் சீக்கிரம் மக்குவதற்கும், காற்று ஈரத்தில் தொய்வதற்கும் அந்த ஒரே குணம்தான் வழிவிடுகிறது.

காசிமேட்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் ஒரு துண்டை நீட்டினேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை என்பது அவருக்கும் தெரியும். கூடைக்குப் பின்னால் ஒரு கட்டு இருக்கத்தான் செய்தது. ஈரக்கையால் வாங்கினார். விரலிலேயே வழவழவென்று ஆகிவிட்டது.

"இன்னா டீச்சர், மீனே தண்ணிதான. இதுல எப்டி கட்டித் தர்றது?"

ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். தேன்மெழுகோ எண்ணெயோ கலந்து ஈரத்தைத் தடுக்கப் பார்க்கிறார்கள். கிராம்பு எண்ணெய் சேர்த்தால் கிருமியும் அடங்கும். ஆனாலும் பிசின் படலத்தின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈரத்துக்குத் தோற்றாலும், உலர்ந்திருக்கும்வரை அது ஆக்சிஜனை எளிதில் உள்ளே விடாது. பறித்த காயும் மூச்சுவிடும். மூச்சைக் குறைத்தால் பழுப்பது தள்ளிப்போகும். மலேசியாவில் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வாளர்கள் 10 சதவீதக் கருவேல இனப் பிசின் கரைசலைத் தக்காளிக்குப் பூசி, 20 டிகிரி வெப்பநிலையில் 20 நாள் வைத்துப் பார்த்தார்கள். பூசியது பூசாததைவிட மெதுவாகப் பழுத்தது. 2010-ல் இந்த முடிவு வெளியானது.

அதாவது, இதைப் பை என்று நினைத்தால் ஏமாற்றம். சட்டை என்று நினைத்தால் சரி. காய்க்குப் பூசலாம், காய்ந்த மசாலாவைச் சின்னப் பொட்டலமாக மடித்துப் பொட்டலத்தோடு கொதிக்கும் குழம்பில் போடலாம். சொட்டும் சங்கரா மீனை இதில் கட்ட முடியாது.

இதையெல்லாம் அடுத்த வாரம் மீன்காரம்மாவிடம் சொன்னேன். செதில் சீவுவதை நிறுத்தாமலே சொன்னார்:

"அப்ப தக்காளிக்குப் பூசு. மீனுக்குத் தூக்கு எடுத்தா டீச்சர்."

இப்போது தூக்கோடுதான் போகிறேன்.