கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு முள் கடிகாரம்

இலஞ்சியில் எங்கள் மொத்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் என் கண் சுவர்க் கடிகாரத்தைத்தான் தேடும். நாலு மணி லாரிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்பதைப் பெரிய முள் நிற்கும் இடமே சொல்லிவிடும். திரையின் மூலையில் கிடக்கும் சிறு எண்களை அறுபதைத் தாண்டிய கண் எப்படிப் படிக்கும்? ஆகவே திரையிலேயே ஒரு முள் கடிகாரம் வைக்க விரும்பினேன்.

2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இது கூடவே வந்தது, 'கேட்ஜெட்' என்பார்கள். அதன் வழியே அந்நியர் கம்ப்யூட்டருக்குள் நுழைய இடமுண்டு என்று 2012 ஜூலையில் மைக்ரோசாப்ட் நிறுவனமே எச்சரித்தது. பழைய கம்ப்யூட்டரில் அதை இன்னும் வைத்திருப்போர் நிறுத்திவிடுவது நல்லது.

இலவசக் கடிகாரங்கள் பல உண்டு. தயாரித்தவரின் தளத்திலிருந்தே எடுங்கள். கண்ட இடத்தில் எடுத்தால் வேண்டாத சரக்கும் சேர்ந்து இறங்கும். வழுக்கிக்கொண்டு ஓடும் விநாடி முள் பார்க்க அழகு. ஆனால் நொடிக்குப் பலமுறை படத்தை மாற்றி வரைய வேண்டியிருப்பதால் பழைய கம்ப்யூட்டருக்குச் சுமை. நமக்கு மணி முள்ளும் நிமிட முள்ளும் போதும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் அது எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று தெரியும். சில மெகாபைட் என்றால் வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் போனால் எடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு மேலேயே நிற்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். எங்கள் கடையில் ஒருநாள் பில்லின் மொத்தத் தொகையையே அது மறைத்துவிட்டது!

இவ்வளவும் பார்த்து வாங்கியவன் ஒன்றைப் பார்க்கவில்லை. திரைக் கடிகாரத்துக்குச் சொந்த நேரம் கிடையாது. கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் காட்டும். கம்ப்யூட்டருக்குள் 3 வோல்ட் நாணய பேட்டரி ஒன்று, சுவிட்சை அணைத்த பிறகும் நேரத்தைக் காத்து நிற்கிறது. ஒருநாள் அது தீர்ந்துபோயிற்று. காலையில் முள் தப்பாக நிற்கக் கண்ட தம்பி, மணியை மட்டும் திருத்திவிட்டு பில் போடத் தொடங்கினான். முகப்பில் தேதி இல்லையே! மதியம்தான் ஒரு கடைக்காரர் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, ஜி.எஸ்.டி. வாறதுக்கு முந்தின வருசத்துக்கு எனக்கு பில் போட்டிருக்கீயளே?"

அன்று போட்ட பதினொரு பில்லையும் ரத்து செய்து புதிதாகப் போட்டோம். வாங்கியவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடைக்க வேண்டுமே. போன லாரிக்கும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

பேட்டரியை மாற்றினோம். இன்டர்நெட்டிலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்யும் வசதியையும் போட்டுவிட்டோம். இப்போதுள்ள கடிகாரத்தில் தேதிக்கு ஒரு சிறு கட்டம் உண்டு. முதல் பில்லுக்கு முன் தம்பி அதை வாய்விட்டுப் படிக்கிறான்.