எல்லையில் ஒரு பல்லவ ராஜ்ஜியம்

பல்லவர் தொடர் - 9

போன வாரம் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் நின்றோம். ராஜசிம்மன் தன் பட்டப் பெயர்களைச் சுவர் சுவராக வெட்டி வைத்த இடம் அது. இந்த வாரம் மேற்கே, வாணியம்பாடி தாண்டி ஆலங்காயத்துக்கு வருவோம். இங்கிருந்து காவலூர் வானாய்வகத்துக்குச் சாலை ஏறுகிறது. ஜவ்வாது மலையின் இந்த அடிவாரமும் பாலாற்றுப் பள்ளத்தாக்கும் பல்லவ நாட்டின் மேற்கு ஓரம். கர்நாடகப் பீடபூமியிலிருந்து இறங்குகிறவன் முதலில் கால் வைப்பது இங்கேதான்.

இந்தப் பக்கத்தில் பல்லவன் தன் புகழை எழுதி வைக்கவில்லை. அவன் பெயரை எழுதியவர்கள், செத்துப்போன தங்கள் ஆட்களுக்குக் கல் நட்ட ஊர்க்காரர்கள்.

மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி பொறுப்பில் இருந்தபோது தேடிப் படியெடுத்தது. 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலாக வந்தது. வட்டெழுத்தில், சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகளோடு உள்ள கற்கள் அவை. எடுத்தனூர்க் கல் மகேந்திரனின் 34-ஆம் ஆண்டைச் சொல்கிறது. தன் எருமைகளுக்காகப் போராடிச் செத்த கருந்தேவகத்தி என்பவனுக்கு வைத்த கல். வில்லும் வாளுமாக அவன் நிற்க, பக்கத்திலேயே ஒரு நாய். பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததாக அதற்கென்று தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மத்தவிலாசப் பிரகசனம் என்ற நாடகத்தை எழுதிய மகேந்திரனுக்கு இந்தக் கல்லில் ஆண்டுக் கணக்கு சொல்லும் வேலை மட்டும்தான். நாய்க்குக் கிடைத்த பாராட்டு அவனுக்குக் கிடைக்கவில்லை!

சுமார் 270 வருஷம் தள்ளி ஆம்பூருக்கு வாருங்கள். அன்றைக்கு அது ஆமையூர். படுவூர்க் கோட்டத்து மேலடையாறு நாட்டு ஊர். அங்கே கிடைத்த இரண்டு நடுகற்களைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் ‘எபிகிராபியா இண்டிகா’ நான்காம் தொகுதியில் வெளியிட்டார். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 9-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. நுளம்ப அரசனின் படை ஆமையூர்மேல் வந்து தொறுவை, அதாவது மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தது. கங்கர் குலத்துத் தலைவர் பிருதிகங்கரையரின் சேவகர் அகலங்கத்துவராயர். அவருடைய மகன் எதிர்த்து நின்று பட்டான்.

இன்றைக்கு ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மாடு என்றால் தோல் மண்டி நினைவுதான் வரும். அன்றைக்கு உயிரோடு மேய்ந்த மாடுதான் ஊரின் கையிருப்பு. பாலும் உழவும் எருவும் அதிலிருந்துதான். மந்தை போனால் அடுத்த வெள்ளாமையும் போச்சு. அதனால்தான் படையே மாட்டுக்காகக் கிளம்பி வந்திருக்கிறது.

செத்தவனிலிருந்து மேலே போங்கள். அவனுக்கு மேல் அப்பன், அப்பனுக்கு மேல் கங்கர் குலத்துத் தலைவன், அவனுக்கும் மேலே காஞ்சியில் நிருபதுங்கன். பேரரசு என்று பாடப் புத்தகம் சொல்வது இந்த எல்லையில் இப்படிப்பட்ட ஏணியாகத்தான் இருந்தது. வாணர், கங்கர் என்ற குறுநிலத் தலைவர்கள் நடுப்படிகள். அவர்கள் யார் பக்கம் சாய்கிறார்களோ அந்த ராஜாவின் ஆட்சியாண்டு கல்லில் ஏறும். காஞ்சியிலிருந்து படை வந்து மந்தையைக் காப்பாற்றியதாகக் கல்லில் ஒரு பேச்சும் இல்லை. நடுப்படிக்காரர்களை நம்பியே விட்டுவிட்டதுதான் பல்லவரின் பலவீனம் என்பது என் கட்சி. படி நகர்ந்தால் மேலே இருப்பவன் எங்கே நிற்பான்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹேமாவதியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நுளம்பரும் தங்களைப் பல்லவ வம்சம் என்றே சொல்லிக்கொண்டவர்கள். ஆக, ஆமையூர் மாட்டுக்கு இரண்டு பக்கமும் பல்லவப் பெயர்தான்.

நிருபதுங்கனின் காலத்திலேயே அபராசிதன் என்ற இன்னொரு பல்லவனும் தொண்டை மண்டலத்தில் ஆளத் தொடங்கிவிட்டான். தெற்கே தஞ்சாவூரில் ஆதித்த சோழன் காத்திருந்தான். யானைமேல் இருந்த பல்லவன்மீது அவன் பாய்ந்து கொன்றதாக, பிற்காலத்து வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் சண்டையும் அதற்கு முன்னால் திருப்புறம்பியத்தில் நடந்ததும் அடுத்த வாரம்.

(தொடரும்)