போதனா வைத்தியசாலையும் ஊழியர் உரிமையும்

மருத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகத்துக்கு வைத்தியசாலை இன்றியமையாதது. ஏட்டிற் கற்ற மாணவன் நோயாளியின் கட்டிலருகே நின்றே வைத்தியனாகின்றான். ஆயினும் அவ்வைத்தியசாலையை நடத்துவதற்கு வேண்டும் பொருள் பெரிது. ஐக்கிய அமெரிக்காவிலே அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சில, இச்சுமையைத் தனித்துத் தாங்கமாட்டாது தனியார் வைத்திய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்துள்ளன. அக்கூட்டினால் மாணவனுக்கும் நோயாளிக்கும் விளைவன யாவை என ஆராய்வார் பலர். தாதியர், சமையலாளர், துப்புரவு செய்வோர் ஆகியோரின் உத்தியோகம் என்னாகும் என ஆராய்வார் சிலரே. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அறியவேண்டியது சட்டத்தின் அமைப்பு. ஊழியர் சங்கமாகச் சேர்ந்து முதலாளியோடு கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அந்நாட்டிலே 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் வழங்கிற்று. ஆனால் அச்சட்டம் மாநில அரசுகளின் ஊழியரைத் தழுவாது. அவர்தம் உரிமை அவ்வம் மாநிலச் சட்டத்தையே சார்ந்தது. இலாப நோக்கற்ற தனியார் வைத்தியசாலைகளோவெனின், 1947இல் அச்சட்டத்தினின்றும் விலக்கப்பட்டு, 1974இலே அதனுட் கொணரப்பட்டன. ஆகவே, அரசாங்கப் பல்கலைக்கழக வைத்தியசாலையொன்று தனியார் கைக்கு மாறும்பொழுது, தாதி ஒருத்தி அதே விடுதியில் அதே நோயாளரைப் பராமரித்து நிற்பினும், ஒரே இரவில் ஒரு சட்டத்தினின்று நீங்கி மற்றொரு சட்டத்துட் புகுகின்றாள்.

அங்ஙனம் புகுந்தபின் தனியார் முதலாளியின் கடமை யாது? 1972ஆம் ஆண்டிலே, பேண்ஸ் என்னும் காவற்சேவை நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இத்தகைய மாற்றத்துக்கு ஒரு விதி வகுத்தது. புதிய முதலாளி அதே தொழிலைத் தொடர்ந்து நடத்தி, பழைய ஊழியரையே பெரும்பான்மையினராக அமர்த்துவானாயின், அவர்களது சங்கத்தோடு பேசக் கடமைப்பட்டவன். ஆனால், தான் ஏற்றுக்கொள்ளாத பழைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவனல்லன். இதன் பொருள் யாதெனின், சங்கம் பிழைக்கலாம். சம்பளத் திட்டமும் சேவைமூப்பும் ஓய்வூதியமும் பிழைக்குமென்பது நிச்சயமன்று.

இதற்கு எடுத்துக்காட்டுக்கள் இரண்டைக் காண்போம். 1997ஆம் ஆண்டு நவம்பரில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வைத்தியசாலைகளும், தனியார் பல்கலைக்கழகமாகிய ஸ்ரான்போட்டின் வைத்தியசாலைகளும் இணைந்து, இலாப நோக்கற்ற புதிய தனியார் நிறுவனமொன்றாயின. செலவு குறையுமென நம்பினர், விளைந்ததோ நட்டம். 1999இற் பிரிவதென முடிவாகி, 2000ஆம் ஆண்டிற் பழையபடி இரண்டாயின. மூன்றாண்டு நிறையுமுன் இணைந்ததும் பிரிந்ததும் நிருவாகிகளுக்குக் கணக்கேட்டின் இரு பக்கங்கள். ஊழியனுக்கோ, தன் சேவைக்காலமும் ஓய்வூதியமும் எவர் பொறுப்பு என்னும் வினா இருமுறை எழுந்தது.

இரண்டாவது, விஸ்கொன்சின் மாநிலத்தது. அங்கே பல்கலைக்கழக வைத்தியசாலை 1996இல் தனியார் வசம் செல்லாது, தனித்தியங்கும் பொது அதிகாரசபையொன்றின் கீழ் வைக்கப்பட்டது. சங்கங்களோடு பேரம் பேசவேண்டுமென்னும் கடமையைச் சட்டமே அச்சபைக்கு விதித்தது. இதனினும் உறுதியான காப்பு வேறுண்டோ என ஊழியர் எண்ணியிருத்தல் கூடும். ஆனால் 2011ஆம் ஆண்டிலே சட்டசபை அவ்விதியை நீக்கிற்று. தாதியரின் இறுதி ஒப்பந்தம் 2014இல் முடிவுற்றது. 2022இல் வேலைநிறுத்தம் ஒன்று நெருங்கி, இணக்கத்தினால் தவிர்க்கப்பட்டது. பின்னர் வழக்கு மாநில உயர் நீதிமன்றை அடைந்தது. அந்நீதிமன்று, சங்கத்தோடு பேசும் கடமை அச்சபைக்கு இல்லையென 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஏகமனதாகத் தீர்த்தது.

நிருவாகத்தார் கூறும் நியாயத்தையும் புறக்கணித்தல் தகாது. வைத்தியசாலை நட்டத்தால் மூடப்படின் காப்பதற்கு உத்தியோகமே இராது என்பர். அது மெய்யே. ஆனால் சிக்கனம் யாரிடமிருந்து பெறப்படுகின்றது என வினவுதலும் நியாயமே.

எனவே காப்பினைக் கைச்சாத்துக்கு முன்னரே தேடல்வேண்டும். புதிய முதலாளி சங்கத்தையும் நடைமுறையிலுள்ள ஒப்பந்தத்தையும் ஏற்றல், ஒவ்வோர் ஊழியருக்கும் சேவைமூப்புக் குன்றாது அதே பதவியை அளித்தல், ஈட்டிய ஓய்வூதியத்துக்குப் பொறுப்பாளர் யாரென வரையறுத்தல், கூட்டுக் கலையின் பல்கலைக்கழக சேவைக்கு மீளும் உரிமை என்னும் நான்கும் கூட்டு உடன்படிக்கையிலேயே எழுதப்படல்வேண்டும். சட்டமொன்றையே நம்பியிருத்தல் போதாதென்பதை விஸ்கொன்சின் காட்டிற்று. சட்டம் தந்ததைச் சட்டமே மீளப் பெறும். ஆதலின் உறுப்பினர் ஒற்றுமை குன்றாத சங்கமும் உடன் வேண்டும்.

நோயாளியின் கட்டிலருகே மாணவன் கற்பது வைத்தியனிடமிருந்து மாத்திரமன்று. அனுபவம் முதிர்ந்த தாதியிடமிருந்துமாம். அவள் நாளை இருப்பாளோ என்னும் ஐயமுள்ள இடத்திலே போதனையும் நிலைபெறாது.