வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாத் தெரிவும்

மக்கள் கையாளும் கருவிகளுள், தன்னை ஏந்துவோனுடைய அறிவையும் பொறுப்பையும் வேட்டைத் துப்பாக்கியைப்போல் சோதிப்பன மிகச் சிலவே. சவ்வாது மலையின் தென்பால் உள்ள செங்கம் வட்டாரத்தில், ஆநிரை மீட்டும் புலியொடு பொருதும் மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் பல நிற்கின்றன. அக்காலத்து வீரன் கையில் வேலும் வாளுமே இருந்தன. விலங்கின் வலிமையை அவன் தன் உடலாலேயே அளந்தறிந்தான். துப்பாக்கி வந்தபின் அவ்வளவையைத் தோட்டாவிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆதலின், பெருவிட்டத் தோட்டாக்களுள் எதனைத் தெரிவது, தானே தோட்டாவேற்றும் துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்பவற்றை நம் மாணவ நண்பர்க்கு ஈண்டு ஒருவாறு விளக்க விழைகின்றோம்.

இத்தெரிவில் பிழை நேரின் விளைவு யாதெனின், விலங்கு சாவாது; காயமுற்றுக் காட்டினுள் மறையும். குமாவோன் மலைநாட்டில் 436 உயிர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத்துப் பெண்புலியை 1907-ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட் வீழ்த்தினார். பின்னர் அதன் வாயைச் சோதித்தபோது, வலப்புறத்து மேற்கோரைப்பல்லும் கீழ்க்கோரைப்பல்லும் பழைய குண்டுக் காயத்தால் முறிந்திருக்கக் கண்டார். இயல்பான இரையைப் பற்ற இயலாமையே அதனை மனிதர்பால் திருப்பியது என்பது அவர் கருத்து. முன்னொரு நாளில் எவனோ ஒருவன் எறிந்த குறைக்குண்டு ஒன்று, பல ஊர்களுக்கு எமனாயிற்று.

இனித் தோட்டாவின் இலக்கணம் காண்போம். .405 என்பது குண்டின் விட்டம் ஓரங்குலத்தின் ஆயிரத்தில் ஏறக்குறைய 405 பங்கு என்பதைக் குறிக்கும். விட்டம் மட்டுமே வலிமையன்று. குண்டின் எடை, வேகம், ஊடுருவும் திறம் ஆகிய மூன்றையும் உடன் நோக்குதல் வேண்டும். எடையைக் கிரெயின் என்னும் அளவால் கூறுவர். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம் ஆகும். 1904-இல் வெளிவந்த .405 வின்செஸ்டர் தோட்டா, 300 கிரெயின் குண்டை விநாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் செலுத்தும். ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடி நூல்கள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் பெரிதும் நம்பியது இத்தோட்டாவையே. யானை முதலியவற்றிற்கென அமைந்த .470 தோட்டாவோ, 500 கிரெயின் குண்டை 2,150 அடி வேகத்தில் செலுத்துவது. முன்னதன் ஆற்றல் ஏறக்குறைய 3,200 அடி-ராத்தல்; பின்னதன் ஆற்றல் 5,100.

அங்ஙனமாயின் பெரியதே சிறந்தது என்று முடிவு கட்டலாமோ? கூடாது. ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட பெல் என்பார், அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குக் கைக்கொண்டது .275 என்னும் சிறுவிட்டத் தோட்டாவே. நீண்டு ஒடுங்கி, முழுதும் உலோகக் கவசம் பூண்ட அதன் குண்டு, யானையின் தலையோட்டை நேரே துளைத்து மூளையை எட்டியது. மூளை எவ்விடத்துள்ளது என்பதைப் பெல் நன்கறிந்திருந்தார் என்பதும் மறக்கற்பாலதன்று. முனை மெதுவான குண்டு மான் உடலில் விரிந்து விரைவில் உயிரைப் போக்கும். அதுவே யானை மண்டையில் பட்டால் வழியிலேயே சிதைந்து நின்றுவிடும். ஆகவே விட்டத்தைக் கேட்குமுன், எவ்விலங்கு, எவ்வகைக் குண்டு எனக் கேட்பதே முறை.

மற்றொன்று பின்னுதைப்பு. குண்டு முன்னே பாயும் அளவிற்கேற்பத் துப்பாக்கி தோளைப் பின்னே உதைக்கும். பெருந்தோட்டாத் துப்பாக்கிகளைப் பத்து ராத்தலுக்கு மேற்பட்ட எடையோடு செய்வதன் காரணம் இதுவே. உதைப்புக்கு அஞ்சிக் கண்மூடிச் சுடுபவனுக்குப் பெருந்தோட்டா பயனன்று, கேடு. தான் அஞ்சாது சுடவல்ல தோட்டாக்களுள் வலியது எதுவோ, அதுவே ஒருவனுக்கு ஏற்றது.

தானே தோட்டாவேற்றும் துப்பாக்கியில் இவ்விடர்ப்பாடு பின்னும் மிகும். 1910-இல் வின்செஸ்டர் நிறுவனத்தார் ஆக்கிய .401 துப்பாக்கியில், குழலின் அடியை அடைக்கும் தாழ் பூட்டப்படுவதில்லை. அதன் பாரமே வெடியழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கி நிற்கும். இம்முறையில் தோட்டாவின் வலிமை பெருகப் பெருகத் தாழின் எடையும் பெருகவேண்டும். எனவே மிக வலிய தோட்டாவுக்கு இது ஒவ்வாது. வெடிப்புகையிற் சிறுபகுதியைக் குழலினின்று ஈர்த்து, அதனாற் பூட்டைத் திறக்கும் முறையே அத்தகைய தோட்டாக்களுக்குத் தக்கது. தோட்டாக் கூட்டின் வடிவமும் கருதத்தக்கது. அடியில் அகன்ற விளிம்புடைய கூடு இருகுழல் துப்பாக்கிக்கு நலம் பயக்கும். தோட்டாப்பெட்டியிலோ ஒன்றன் விளிம்பு மற்றொன்றில் மாட்டிக்கொள்ளக்கூடும். ஆதலின் .470 போன்ற விளிம்புத் தோட்டாவை விடுத்து, 1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மாக்னம் போன்று விளிம்பு புடைக்காததனைத் தெரிவதே ஏற்புடைத்து.

நம் நாட்டில் தோட்டாத் தெரிவை அறிவியல் மட்டுமே வகுத்ததன்று; அரசாணையும் வகுத்தது. கலகக்காரர் கைக்குப் படைத்தோட்டா உதவுமோ என்றஞ்சிய பிரிட்டிஷ் அரசினர், 1907-இல் .450 விட்டத் துப்பாக்கிகளை இந்தியாவிற் கொணர்வதைத் தடுத்தனர். உடனே இங்கிலாந்தின் கொல்லர்கள் .465, .470, .475, .476 எனப் புதியன படைத்தனர்; ஆற்றலில் இவற்றிற்கும் தடுக்கப்பட்டதற்கும் பெரும் வேற்றுமை இல்லை. படைக்குரிய .303 தோட்டா பொதுமக்களுக்கு விலக்கப்பட்டமையால் .315 ரைபிள் இங்கு பரவியதும் இவ்வகையதே. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் தானே தோட்டாவேற்றும் ரைபிள்களைக் கடுங்கட்டுப்பாட்டில் வைத்துள்ளன.

இன்று சவ்வாது மலையில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடமானையும் கரடியையும் சிறுத்தையையும் காக்கின்றது. மனித உயிருக்குத் தீங்காய் முடிந்த விலங்கை ஒழிக்க, தலைமை வனவுயிர்க் காப்பாளர் எழுத்தாணை தரவேண்டும். அதுவும் அதனைப் பிடிக்கவோ மயக்கவோ இயலாதபோதே. உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கியில் ஈயத்தையும் இரும்புத் துண்டையும் திணித்து இரவிற் சுடுவோன், சட்டத்தை மீறுவதோடு நிற்பதில்லை. சம்பாவத்தில் நேர்ந்தது போன்ற தீங்குக்கு வித்திடுகின்றான்.

2013-இல் திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரங்களில் வயல்களிற் புகுந்து திரிந்த ஆறு காட்டானைகளை, வனத்துறையினர் மயக்கமருந்து செலுத்தியும் கும்கி யானைகளைத் துணைக்கொண்டும் பிடித்தனர். அவ்வேலைக்கு ஏந்தியதும் ஒருவகைத் துப்பாக்கியே. விலங்கின் எடையைக் கணித்து மருந்தளவைத் தெரிதல் அங்கும் முதற்கடமையாம். குறைந்தால் விலங்கு வெகுண்டோடும், மிகுந்தால் உயிர் நீங்கும். கொல்லும் கருவியாயினும் காக்கும் கருவியாயினும், எய்யுமுன் எதிர்நிற்கும் உயிரை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை நம் மாணவர் மனங்கொள்வாராக.