குடியரசுக் கட்சிக்குள் தன்பாலின ஈர்ப்பாளர்கள்: அரை நூற்றாண்டு முயற்சி சாதித்தது என்ன?

அமெரிக்காவில் தன்பாலின ஈர்ப்பாளர் உரிமை என்றாலே ஜனநாயகக் கட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், பழமைவாதக் கொள்கை கொண்ட குடியரசுக் கட்சிக்குள்ளும் அவர்களுக்கென ஓர் அமைப்பு சுமார் அரை நூற்றாண்டாக இயங்கி வருகிறது. 'லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ்' எனப்படும் அந்த அமைப்பினர், தங்களை முழுமையாக ஏற்காத கட்சியில் ஏன் நீடிக்கின்றனர்? அதனால் கிடைத்த பயன் என்ன?

தொடங்கியது எப்படி?

தன்பாலின ஈர்ப்பாளர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றுவதைத் தடுக்கும் முன்மொழிவு, 1978-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு எதிரான இயக்கத்திலிருந்தே இந்த அமைப்பு உருவானது. மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும் குடியரசுக் கட்சித் தலைவருமான ரொனால்டு ரீகன் அம்முன்மொழிவை வெளிப்படையாக எதிர்த்தார், அது தோல்வியடைந்தது. கட்சியின் முதல் அதிபரான ஆபிரகாம் லிங்கன் மரக்கட்டைகளால் கட்டப்பட்ட குடிலில் பிறந்தவர். 'லாக் கேபின்' என்ற பெயர் அதையே குறிக்கிறது.

ஏன் இந்தக் கட்சி?

குறைந்த வரி, வலுவான பாதுகாப்பு, அரசின் குறைவான தலையீடு ஆகியவற்றில் இவர்களுக்கு நம்பிக்கை உண்டு. தனிமனித வாழ்வில் அரசு தலையிடக் கூடாது என்பதும் பழமைவாதக் கொள்கையே என்பது இவர்களின் வாதம்.

உரசல்களும் வெற்றியும்

1995-இல் இந்த அமைப்பு வழங்கிய 1,000 டாலர் நன்கொடையை பாப் டோலின் அதிபர் தேர்தல் பிரசாரக் குழு திருப்பி அனுப்பியது. அது தவறு என டோல் பின்னர் ஒப்புக்கொண்டார். தன்பாலினத் திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சாசனத் திருத்தத்தை ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆதரித்ததால், 2004 தேர்தலில் அவருக்கு ஆதரவளிக்க அமைப்பு மறுத்தது.

பாலின ஈர்ப்பை வெளிப்படுத்துவோர் ராணுவத்தில் பணியாற்ற முடியாது என்ற சட்டத்தை எதிர்த்து, அதே ஆண்டில் வழக்கும் தொடுத்தது. அச்சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என 2010 செப்டம்பரில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் நாடாளுமன்றமும் அதை நீக்க ஒப்புதல் அளித்தது.

இன்றைய நிலை

2016-இல் டொனால்டு டிரம்புக்கு ஆதரவளிக்காத அமைப்பு, 2020 தேர்தலில் அவரை ஆதரித்தது. இதனால் நிர்வாகிகள் சிலர் விலகினர்.

2022-ஆம் ஆண்டு இரு முகங்களைக் காட்டியது. டெக்சாஸ் மாநிலக் கட்சி மாநாட்டில் அமைப்பு அரங்கு அமைக்க அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், தன்பாலினத் திருமணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் மசோதாவுக்குக் குடியரசுக் கட்சியின் 39 பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் 12 செனட்டர்களும் வாக்களித்தனர்.

திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறை, கட்சியின் 2024 கொள்கை அறிக்கையில் இடம்பெறவில்லை. எனினும், மாற்றுப் பாலினத்தவர் தொடர்பான கடுமையான நிலைப்பாடுகள் அதில் இருந்தன.

உள்ளிருந்தே கட்சியை மாற்ற முடியும் என்பதற்கு ஆதரவாளர்கள் முதலாவதைச் சான்றாகக் காட்டுகின்றனர். அந்த மாற்றத்தின் எல்லை எது என்பதற்கு விமர்சகர்கள் இரண்டாவதைக் காட்டுகின்றனர்.